தாழ்ந்த சுரம் எங்கே போய்ச் சேருகிறது: குமரி மாவட்டப் பேஸ் கலைஞர் ஒருவரின் மேடையும் பக்க வேலைகளும்

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே வசிக்கும், தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிக்கும் கலைஞர் ஒருவரின் வேலைமுறையை எடுத்துப் பேசுகிறது இந்த நிகழ்வு ஆய்வு. அவருடையது ஐந்து பேர் கொண்ட தமிழ் ராக் குழு: டிரம்ஸ், இரண்டு கிட்டார், பாட்டு, பேஸ். பகலில் அவருக்கு இன்வெர்ட்டரும் யூ.பி.எஸ்.ஸும் பழுது பார்க்கும் வேலை. ஆளின் பெயரும் குழுவின் பெயரும் இங்கே தேவையில்லை. அவர் செய்ததும், செய்தபோது கெட்டுப்போனதும், கெட்டதன் காரணமும்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

குழுவின் ஆண்டு இப்படி ஓடுகிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள், பிப்ரவரி, மார்ச்சில் கல்லூரி விழாக்கள், கோடையில் ஊர்த் திருவிழாக்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் திறந்தவெளி மேடைகள் குறைந்துவிடும். அது ஓய்ந்த கொஞ்ச நாளில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் ஆதலால் குழு சும்மா இருக்கும் மாதங்கள் அதிகம். அந்த மாதங்களில் அவர் மூன்று வேலைகளைக் கையில் எடுத்தார். வீட்டில் ஓர் ஒலிப்பதிவு அறை அமைத்தார். உள்ளூர் மரத்தில் ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத பேஸ் கிட்டார் ஒன்றைச் செய்தார். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்தார்.

பார்க்க மூன்றும் தனித்தனி ஆசைகள். ஆனால் மூன்றிலும் அவர் துரத்தியது ஒரே கேள்வியைத்தான்: 40 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி, கருவியை விட்டுக் கிளம்பிய பின் எங்கே போகிறது, எங்கே காணாமல் போகிறது? இன்று அந்தக் குழுவின் மேடை ஒலி திடமாக இருக்கிறது என்றால் காரணம் இந்தப் பக்க வேலைகள். விலை கூடிய கருவி எதுவும் வாங்கப்படவில்லை.

பேஸ் வாசிப்பவர்கள் வேறு கலைக்குள் போவது புதிதும் அல்ல. ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விஸில் கேலிச்சித்திரம் வரைந்தவர்; அக்குழுவின் 1975 ஆல்பத்தின் உறை ஓவியம் அவர் கைப்பட வரைந்தது. பீட்டில்ஸ் குழுவின் 1966 ஆல்பத்துக்கு உறை வரைந்த கிளவுஸ் ஃபோர்மன், மேன்ஃபிரட் மேன் குழுவின் பேஸ் கலைஞராக இருந்தவர். ‘இந்தியன் ஓஷன்’ குழுவின் ராகுல் ராம், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்று, நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். குழுவின் நடுவில் நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டிய இடம் பேஸ். அந்தக் காது வேறு வேலைகளுக்கும் பயன்படுவதில் வியப்பில்லை.

மேடை: இரைச்சல், எர்த், சப்

அவருடைய மேடைக் கருவி எளியது. நான்கு தந்தி, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு, பேட்டரி இல்லாத பாசிவ் வகை, தந்தியைத் தாங்கும் மேல்முனையான நட் முதல் கீழ்முனையான பிரிட்ஜ் வரை 34 அங்குலம். 1960இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் வழியில் வந்த அமைப்பு. தந்திகளின் தடிமன் ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் 45, 65, 85, 105. திறந்த (விரல் வைக்காத) தந்திகளின் அதிர்வெண் இ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98 ஹெர்ட்ஸ்.

முதல் தொல்லை இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். மின் இரைச்சல் இருக்கும் மேடையில் அந்த ஜி சுரத்தை நீட்டிப் பிடித்தால் விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். கேட்பவருக்குக் கருவியில் சுருதி சேரவில்லை என்று படும். குழுவில் பல நாள் டியூனரைத்தான் சந்தேகித்தார்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் இது வேறு மாதிரி வரும். பாரம் ஏறாத ஜெனரேட்டர் 52 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், பாரம் ஏற ஏற 50க்கு இறங்கும். 52 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஜி ஷார்ப்பின் இடம். அதனால் விளக்குகள் எரியாத மாலைச் சோதனையில் ஒரு சுரம் தள்ளாடும், இரவில் விளக்கெல்லாம் போட்ட பிறகு அடுத்த சுரம் தள்ளாடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருக்கும் வரிசை நல்ல வரிசை. முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். இரைச்சல் அப்படியே நின்றால் கோளாறு கேபிளிலோ ஆம்பிலோ எர்த்திலோ இருக்கிறது. கிட்டாரைக் குடைய வேண்டாம். இரைச்சல் நின்றுவிட்டால் வால்யூமைத் திரும்ப ஏற்றி, தந்தியைத் தொடாமல் கேளுங்கள், பிறகு தொட்டுக் கேளுங்கள். தொட்டதும் குறைந்தால் உள்ளே ஷீல்டிங் போதவில்லை. பிக்கப் குழியில் செம்புத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு இணைக்க வேண்டும். தொட்டாலும் மாறாமல், உடலைத் திருப்பி நிற்கும் திசைக்கேற்பக் கூடிக் குறைந்தால் அது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். இந்த வகைக் கருவியில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டு வால்யூமும் சமமாக இருக்கும்போது அந்த இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றைச் சற்று இறக்கினாலும் திரும்பி வரும். ஆகவே மேடையில் அவர் இரண்டையும் முழுதாகத் திறந்துவிட்டு, தொனியை விரல் வைக்கும் இடத்தால் மாற்றுகிறார்: பிரிட்ஜ் பக்கம் இறுக்கம், கழுத்துப் பக்கம் கனம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. திருவிழா மேடைகளில் சின்ன ஜெனரேட்டரை எர்த் இல்லாமல் ஓட்டுவது சாதாரணமாக நடக்கிறது. எர்த் இல்லாத மிக்சர், கீபோர்டு அடாப்டர் இவற்றின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்களால் பெட்டியின் உலோகம் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதிக்கு மிதக்கும். தந்தியில் கை, மைக்கில் உதடு என்றால் சுரீர் என்று இழுக்கும். அந்தக் கசிவில் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் உண்மையான பழுதிலும் ஆரம்பத்தில் இதே சுரீர்தான் வரும், இரண்டையும் உடம்பால் பிரித்தறிய முடியாது. அவர் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைப்பார். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் யாரும் மைக்கில் வாய் வைக்கக் கூடாது. மைக் செட்காரரோடு சேர்ந்து எர்த் கம்பி அடித்து, ஜெனரேட்டரின் நியூட்ரலை அதோடு இணைத்து, மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வழியாக மேடைக்கு மின்சாரம் கொண்டுவர வேண்டும். கோடையில் காய்ந்து இறுகிய செம்மண்ணில் கம்பி அடித்தால் மட்டும் போதாது, குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரைச்சலை ஒழிக்கப் பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கொலைக்குச் சமம். அதற்கென்று டி.ஐ. பாக்ஸில் (கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது; அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது.

மூன்றாவது, தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப் பெட்டி வைக்கும் இடம். இங்கே வழக்கம் மேடைக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. பார்க்க அழகு, கேட்கத் தகராறு. இரண்டு பெட்டிக்கும் இடையே 30 அடி, அதாவது 9 மீட்டர் இருக்கட்டும். நடுக்கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி, மேடையிலிருந்து 15 மீட்டரில் நிற்பவருக்கு ஒரு பெட்டி 15 மீட்டரிலும் மற்றது சுமார் 17.3 மீட்டரிலும் இருக்கும். வித்தியாசம் 2.3 மீட்டர். நம் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகும். 75 ஹெர்ட்ஸின் அரை அலைநீளம் 2.3 மீட்டர். ஆகவே அந்த இடத்தில் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று அழிக்கும். திறந்த டி தந்தியும் அதற்கு அடுத்த ஃபிரெட்டும் அங்கே நிற்பவருக்குச் சன்னமாகிவிடும். ஐந்தடி நகர்ந்தால் வேறு சுரம் காணாமல் போகும். மிக்சர் மேசை நடுக்கோட்டில் இருந்தால் மைக் செட்காரருக்கு இது தெரியவே தெரியாது. தீர்வு காசில்லாத தீர்வு: இரண்டு பெட்டியையும் மேடையின் நடுவில், முன்னால், தரையில் ஒட்டி வைப்பது. பலகை மேடைக்கு மேலே வைத்தால் அடியில் இருக்கும் வெற்றிடமும் சேர்ந்து முழங்கும்.

அறை

மழை மாதங்களில் ஒலிப்பதிவுக்காக அவர் எடுத்துக்கொண்டது 13 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள கான்கிரீட் அறை. நம் ஊர் வீடுகளில் எங்கும் காணும் அளவு. பேஸுக்கு மிக மோசமான அளவும் அதுவே. 13 அடிச் சுவர்களுக்கு இடையே அறை தானாக முழங்கும் அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ், அது எஃப் சுரத்தின் பக்கம். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், பி ஃபிளாட்டின் பக்கம். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் பி ஃபிளாட் இரட்டிப்பாகும். அறையில் கேட்டு அந்தச் சுரங்களைக் குறைத்து மிக்ஸ் செய்தால், வெளியே காரில் கேட்கும்போது அவை காணாமல் போயிருக்கும். அவருடைய முதல் பதிவுகள் அப்படித்தான் ஆயின.

முட்டை அட்டை ஒட்டுவது இதற்கு ஒன்றும் செய்யாது. 57 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டர். ஒன்றரை அங்குல அட்டையை அந்த அலை கவனிக்காது. அட்டை மேல் சுரங்களை மட்டும் விழுங்கி அறையை இன்னும் மந்தமாக்கும். பலன் தந்தவை இரண்டு. மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி அடுக்கியது ஒன்று. கேட்கும் நாற்காலியை அறையின் நட்டநடுவிலிருந்து விலக்கி, நீளவாக்கில் முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 5 அடிக்குக் கொண்டுவந்தது மற்றொன்று. நட்டநடுவில் 44 ஹெர்ட்ஸ் கேட்காது, சுவரோரம் இரண்டு மடங்கு கேட்கும். மெத்தைக்கு ஒரு பராமரிப்பு உண்டு: ஆடி மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், வெயில் வரும் நாளெல்லாம் எடுத்துப் போட வேண்டும்.

மரம்

பக்க வேலைகளிலேயே அதிகம் கற்பித்தது கருவி செய்ததுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மாவட்டத்தில் ரப்பரையும் தென்னையையும் வாழையையும் சாய்த்துப் போட்டபோது பலா, அயனி மரங்களும் விழுந்தன. விழுந்த பலா ஒன்றை மில்லில் அறுத்து 2 அங்குலப் பலகைகளாக அவர் எடுத்து வைத்தார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேர்ந்தவர்கள் நம் முன்னோர்; பேஸின் உடலுக்கு அது ஏற்ற மரம்.

பச்சைப் பலகையைக் காயவைப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. வெட்டுமுகங்களில் உடனே பெயின்ட் பூச வேண்டும், இல்லையென்றால் முனைகள் முதலில் காய்ந்து வெடிக்கும். பலகைகளுக்கு இடையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலச் சட்டம் வைத்து, சட்டங்கள் ஒன்றின் நேர் மேலே ஒன்று வருமாறு அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். சட்டம் கோணினால் பலகையும் கோணும். வெளிறிய வெளிப்பகுதியை வண்டு துளைக்கும். போராக்ஸ் கரைசல் பூசினால் தடுக்கும். நம் கடலோரக் காற்றில் மரம் 14 சதவீத ஈரத்துக்குக் கீழே எளிதில் இறங்காது. ஏ.சி. அரங்கில் அதே மரம் மேலும் காயும். அதனால் இங்கே செய்த கருவி சென்னை ஸ்டூடியோவுக்குள் போனால் கழுத்து நகரும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறு. அளந்துதான் திருத்த வேண்டும்.

2020இல் மேடைகள் எல்லாம் நின்றுபோயிருந்த காலத்தில் வேலை தொடங்கியது. பலா கனமான மரம். வழக்கமான வடிவத்தில் 45 மி.மீ. தடிமனுக்கு உடல் மட்டுமே சுமார் 3 கிலோ வரும். கழுத்தும் இரும்பும் சேர்ந்தால் தோள் தாங்காது. முதுகுப்பக்கம் குழிகள் எடுத்து மூடி, மொத்தக் கருவியை நாலரைக் கிலோவுக்குள் கொண்டுவந்தார். பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் நடுவே மட்டும் மரத்தைத் தொடவில்லை.

கழுத்துக்கு எடுத்தது பழைய ஓட்டு வீடு பிரித்த தேக்குக் கழுக்கோல், அதாவது கூரைச் சட்டம். பல பத்தாண்டுகள் அடுப்புப் புகையிலும் ஓட்டின் சூட்டிலும் இருந்த மரம். இனிமேல் நகர அதற்கு மிச்சம் இல்லை. ஆனால் ஆணி ஒடிந்து உள்ளே கிடக்கும். இழைப்புளி வைக்கும் முன் காந்தத்தை நெடுக ஓட்டிப் பார்க்க வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்த கையோடு பசை போடாவிட்டால் ஒட்டு விட்டுவிடும். மூன்று கீற்றுகளாக அறுத்து, நடுக்கீற்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் ஒன்றின் இழுப்பை மற்றது தடுக்கும். நான்கு தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுக்கும். அதைத் தாங்க கழுத்துக்குள் பதித்து இருபக்கமும் திருகக்கூடிய டிரஸ் ராடு என்ற கம்பி வேண்டும். அதற்கு 6 மி.மீ. அகலக் குடைவு, ஆழம் கம்பியின் உயரத்துக்கு ஏற்ப. குடைவு கால் மில்லி அகலமானாலும் கம்பி உள்ளே கடகடக்கும், அந்தச் சத்தம் பிக்கப் வழியாகக் கேட்கும்.

கெட்டுப்போனது விரல்பலகையில். கருங்காலிக்குப் பதில் பனையை அவர் தேர்ந்தார். வயது முதிர்ந்த பனையின் வெளிவளையம் கருத்து, வைரம் பாய்ந்து, கல்லாக இருக்கும். உள்சோறு எதற்கும் ஆகாது. தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இவர் பயன்படுத்தியது அதே பழைய வீட்டுக் கூரையின் பனங்கை. 7 மி.மீ. கனத்துக்கு இழைத்து, சாதாரண வெள்ளைப் பசையால் கழுத்தோடு ஒட்டினார். மறுநாள் கழுத்து பின்பக்கம் வளைந்திருந்தது. வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. பனை நாரானது, பசைப் பக்கம் தண்ணீரைக் குடித்து நீண்டது, கழுத்தையும் வளைத்தது. டிரஸ் ராடைத் திருகித் தற்காலிகமாக நிமிர்த்தினாலும், நம் ஊர்ச் சூட்டில் வெள்ளைப் பசை பாரத்தில் மெல்ல மெல்ல நழுவும். இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் பலகையைப் பிரித்து, இரண்டு முகத்தையும் சமப்படுத்தி, தண்ணீர் இல்லாத எப்பாக்ஸியால் திரும்ப ஒட்ட வேண்டியதாயிற்று.

அதோடு முடியவில்லை. பனையின் கருநார்கள் வெளிர்ச் சதையிலிருந்து பிரிந்து எழும். வட்டச் சுற்றுத் தந்தி அவற்றை அரம் போல ராவும். நீர்த்த சூப்பர் குளூவைப் பலமுறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் 400, 800, 1200 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்து, மேலே கண்ணாடிப் பூச்சு வந்த பிறகே நார்கள் அடங்கின. சூப்பர் குளூவின் ஆவி கண்ணை எரிக்கும். மின்விசிறி ஆவியை வெளியே தள்ள வேண்டும், முகத்துக்கு வரக் கூடாது. தந்தியும் தட்டைச் சுற்று வகைக்கு மாறியது.

ஃபிரெட் இருக்க வேண்டிய இடங்களில் இடும் கோடுகளுக்குக் கணக்கு எளிது. மீதி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுக்க வேண்டும். 34 அங்குலம் என்பது 863.6 மி.மீ.; நட்டிலிருந்து முதல் கோடு 48.5, ஐந்தாவது 216.6, ஏழாவது 287.2, பன்னிரண்டாவது 431.8 மி.மீ. ஒவ்வொரு கோட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். பக்கப் புள்ளிகளை ஃபிரெட் உள்ள கிட்டாரில் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே வைப்பார்கள். ஃபிரெட் இல்லாததில் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், விரல் விழும் இடம் அதுதான். இதை மறந்து பழைய இடத்தில் வைத்த கருவிகள் விற்பனைக்கே வருகின்றன. வாங்குபவர் கவனிக்க வேண்டும்.

பூச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரக்காற்றில் பிரெஞ்சு பாலிஷ் அடித்தால் வெள்ளை படரும். அவர் எண்ணெய்ப் பூச்சுக்கு மாறினார். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்தே எறிய வேண்டும்.

வில்லும் குடமும்

வில்லுப்பாட்டுப் பதிவு ஆரம்பத்தில் ஆவணத்துக்காகத்தான். முத்தாரம்மன், சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்களின் கொடையில் இரவு முழுக்க நடக்கும் பாட்டை, வில்லுப்பாட்டுக் குழுவினரின் சம்மதத்தோடு நான்கு தடங்களில் பதிவு செய்தார். பாட்டை நடத்தும் தலைவரான அண்ணாவிக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நான்கு தடத்துக்கு மணிக்கு இரண்டு ஜி.பி.க்குச் சற்று மேல் ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 17 ஜி.பி. இடம் வேண்டும். பல ரெக்கார்டர்கள் 4 ஜி.பி.யில் கோப்பை உடைத்துவிடும், அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. உடையும் இடத்தில் ஒலி தவறுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். அளவை மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகவிடக் கூடாது. சாமி வந்து ஆடும்போது குடமும் உடுக்கையும் திடீரென்று இரண்டு மடங்கு ஏறும். அந்த நேரத்தில் மைக்கைத் தள்ளி வைக்கவோ கருவியைத் திருகவோ கிட்டே போவது முறையல்ல. முன்பே இடம் விட்டு வைத்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் பஞ்சுமூடி போதாது, ரோமமூடி வேண்டும். பதிவின் நகல் முதலில் குழுவினர் கைக்கே போகிறது. எங்கும் வெளியிடுவது அவர்கள் சொன்னால்தான்.

பேஸ் கலைஞருக்கு இதில் கிடைத்த சொத்து குடம். குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டையான அடிப்பானால் அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று முழுதும் ஒரே துண்டாக அதிரும். 20 லிட்டர் கொள்ளும் குடம், 12 செ.மீ. வாய் என்றால் கணக்குப்படி 120 ஹெர்ட்ஸ் அருகே வரும். பத்தி வாயை மூடிக்கொண்டிருக்கும் அளவுக்கு ஒலி கீழே இறங்கும், விலகும்போது ஏறும். அந்த ‘கும்’முக்குள் கேட்கும் வளைவு இதுதான். பேஸின் ஜி தந்தி 98இல் தொடங்குகிறது. ஐந்தாவது ஃபிரெட்டுக்குள் 130ஐத் தொட்டுவிடும். ஆக, ஜி தந்தியில் வாசித்தால் குடத்தின் மேலேயே வாசிப்பதாகும்.

குழுவின் பாட்டு ஒன்றுக்கு வில்லும் குடமும் சேர்த்துப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது முதலில் இதுதான் தடுக்கியது. அவர் மேலே மேலே அலங்காரமாக வாசிக்க, குடம் கேட்கவே இல்லை. அண்ணாவிதான் நிறுத்தினார்: “கொடம் பேசுத எடத்துல நீ பேசாத மக்கா.” பேஸ் இ, ஏ தந்திகளுக்கு இறங்கியது. குடம் விழும் அடியில் அது மௌனம் காத்து, அடுத்த அரை அடியில் நுழைந்தது. மிக்ஸிலும் பேஸில் 120 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறைத்தார்கள். அதற்கு மேல் வெட்டத் தேவையே வரவில்லை.

இன்னொன்று சுருதி. அண்ணாவியின் சுருதி பெரும்பாலும் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும். அவரைக் கட்டைக்கு இழுப்பது அபத்தம், பாட்டு உயிரிழந்துவிடும். ஃபிரெட் இல்லாத பேஸ் இங்கேதான் உதவியது. திறந்த தந்திகளைத் தவிர்த்தால் எந்தச் சுருதிக்கும் விரலை நகர்த்திச் சேர்ந்துகொள்ளலாம், கமகத்தையும் தொடரலாம். திறந்த தந்தி தேவைப்படும் பாட்டுக்கு நான்கு தந்தியையும் அண்ணாவியின் சுருதிக்கே இறக்கிக்கொண்டார்.

பராமரிப்பு

குளச்சல், முட்டம் போன்ற கடலோர மேடைகளில் உப்புக்காற்று தந்தியை ஒரே இரவில் மங்கவைக்கும். வாசித்து முடித்த கையோடு உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்தால் தந்தி இரண்டு மடங்கு நாள் உழைக்கும். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை சூடேற்றி உலர்த்த வேண்டும்.

மழைக்கால ஆரம்பத்திலும் முடிவிலும் கழுத்தை அளக்க வேண்டும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் இ தந்தியை அழுத்திப் பிடித்து, எட்டாவது ஃபிரெட்டில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பது. கூடினால் டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு நாள் விட்டுத் திரும்ப அளப்பது. ஒரே மூச்சில் முழுச் சுற்றுத் திருகுகிறவர்கள் கம்பியை அறுத்துவிடுகிறார்கள். அதன் பிறகே பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி உயரம்: இ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மி.மீ.

காதும் கருவிதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸின் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்பவர் காதடைப்பு இல்லாமல் நிற்பது தவறு. இந்தக் குழுவில் ஐந்து பேரும் இப்போது அணிகிறார்கள்.

குழுவுக்குத் திரும்பி வந்தவை

மேடையில் பேஸுக்கு 35 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் போடப்பட்டது. அதற்குக் கீழே சுரம் எதுவும் இல்லை, கை இடிக்கும் சத்தமும் மேடை அதிர்வும் மட்டுமே சப்பின் சக்தியைத் தின்றுகொண்டிருந்தன. உரத்த அடிகளை அடக்கும் கம்ப்ரஸர் 4க்கு 1, அது வேலை தொடங்கும் நேரமான அட்டாக் 30 மில்லி விநாடி. அதைவிட வேகமாக வைத்தால் விரல் படும் முதல் அடி நசுங்கிவிடும். குடத்திடம் கற்றதை அவர் காலால் அடிக்கும் கிக் டிரம்மிடமும் கொண்டுவந்தார். கிக்கின் அடிநாதம் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் பாட்டுகளில் பேஸ் 80 முதல் 100 வரை கனம் கொடுக்கிறது. கிக்கை மேலே இறுக்கிய பாட்டுகளில் பேஸ் கீழே உட்காருகிறது. பழைய பாட்டுகளில் கால்வாசியின் பேஸ் வரிகளை இதற்காகவே மாற்றி எழுதினார். பெரும்பாலும் சுரங்களைக் குறைத்தார்.

பலாக் கருவியில் ஒரு குறை நிற்கிறது. ஜி தந்தியில் ஆறாவது கோட்டில் வரும் சி ஷார்ப் பிடித்ததும் செத்துவிடுகிறது. மற்ற சுரங்கள் நீளும் நேரத்தில் பாதிகூட நீள்வதில்லை. திருகிப் பொருத்தும் கழுத்துள்ள பேஸ்களில் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட் வரை இது பரவலாகக் காணும் குறை. கழுத்து அந்தச் சுரத்திலேயே அதிரும் தன்மை கொண்டிருப்பதால் தந்தியின் சக்தியை அது உறிஞ்சிக்கொள்கிறது. தந்தியை மாற்றினாலும் உயரத்தை மாற்றினாலும் போகாது. தலைப்பகுதியில் ஒரு சிறு கிளாம்ப் மாட்டி எடை ஏற்றினால் கழுத்தின் அதிர்வு கீழே இறங்கி, செத்த இடம் சி ஷார்ப்பிலிருந்து சி பக்கம் நகர்கிறது. சி ஷார்ப் அதிகம் வரும் பாட்டுக்குக் கிளாம்பை மாட்டுகிறார், சி அதிகம் வரும் பாட்டுக்குக் கழற்றுகிறார். இரண்டும் வரும் பாட்டில் அதே சுரத்தை டி தந்தியின் பதினோராவது கோட்டில் எடுக்கிறார். அடுத்த கழுத்தை 2 மி.மீ. கனமாகவும், நடுக்கீற்றைத் தேக்குக்குப் பதில் அயனியிலும் செய்ய மரம் அறுத்துக் காயவைக்கப்பட்டிருக்கிறது.